வயிற்றுப் பட்டியின் மூன்று அங்குலம்

நான்காக மடித்த வேட்டித் துணியின் ஓரத்தை இடக்கைப் பெருவிரல் அழுத்திப் பிடித்திருந்தது. வலக்கை அதன்மேல் சோக்கால் ஒரு கோடு இழுத்தது. பதினொரு அங்குலம். அளவு நாடா கழுத்தில் சும்மா தொங்கியது. இந்த அகலத்துக்கு அந்தக் கைகள் அதைத் தேடுவதில்லை. கத்தரி கோட்டின் வழியே ஒரே ஓட்டமாக ஓடி முடிந்ததும், கைகள் துணியை விரித்து நடுவில் கன்வஸ் துண்டொன்றை வைத்து, நாலு பக்கமும் குண்டூசி குத்தின. பிள்ளை பெற்றவளின் வயிற்றில் கட்டுகிற பட்டி. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கைகள் அதைத் தைத்து வந்தன.

கைகளுக்குரியவள் உதயகலா. நெல்லியடிச் சந்தையிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில், வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். வயது ஐம்பத்திரண்டு. தையலை அவளுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. தெல்லிப்பழையில் பிறந்து, பதினெட்டு வயதில் அங்கிருந்து இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் பத்துக் குடும்பங்களோடு இருந்த காலத்தில், நிவாரணமாக வந்த உடுப்புகள் ஒருவருக்கும் அளவாக இல்லை. அவற்றைத் தையல் தையலாகப் பிரித்து, எந்தத் துண்டு எதோடு சேர்ந்திருந்தது என்று பார்த்துப் பார்த்துத்தான் அவள் தைக்கப் பழகினாள். அதனால் அவளுக்கு ஒரு பழக்கம் நின்றுவிட்டது. பிழை என்று திரும்பி வருகிற எதையும் உடம்பில் போட்டுப் பார்க்காமல் கை வைக்கமாட்டாள். பிழை துணியிலும் இருக்கலாம், உடம்பிலும் இருக்கலாம், உடுத்துகிற விதத்திலும் இருக்கலாம். பார்க்காமல் பிரித்தால் இன்னொரு பிழைதான் வரும் என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பூரணம் வந்தது அப்படி ஒரு பிழையோடுதான். பூரணம் இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவள். தாய் இல்லாத தம்பி பார்த்தீபனை ஆறு வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவள். பார்த்தீபன் கொடிகாமத்திலிருந்து மரக்கறி லொறி ஓட்டுகிறான். கிழமையில் நாலு நாள் வீட்டில் இல்லை. அவனுடைய மனைவி கீர்த்திகாவுக்கும் தாய் இல்லை. பதினைந்து நாளுக்கு முன் அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தபோது, பிள்ளைப்பேற்றுப் பராமரிப்பு முழுவதையும் மச்சாள்காரியான பூரணமே தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

“உந்தப் பட்டி சரிவரேல்லை உதயகலா,” என்றாள், கதிரையில் இருக்காமலே. “மேலை இன்னும் ரெண்டு அங்குலம் கூட்டித் தாரும். பாலுக் குடுக்கேக்கை கூனிக் கூனி இருக்கிறாள். இறுக்கிக் கட்டினால்தான் முதுகு நிமிரும்.”

உதயகலா பட்டி எங்கே என்று கேட்டாள். அவள் கட்டியிருக்கிறாள், புதிதாக ஒன்று தைத்துத் தாரும் என்றாள் பூரணம். அப்படியென்றால் நான் வந்து பார்க்கவேணும் என்றாள் உதயகலா. பிள்ளைப்பேற்றுத் தீட்டில் முப்பத்தொரு நாள் கழியாத துடக்கு வீடு; பலர் வாசலோடு நின்றே கதைத்துவிட்டுப் போவார்கள். அது பூரணத்துக்கும் தெரியும், உதயகலாவுக்கும் தெரியும். “வந்து தலை முழுகிறன்,” என்று சொல்லிவிட்டு உதயகலா அளவு நாடாவை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

போகிற வழியில்தான் பூரணம் மிச்சத்தைச் சொன்னாள். பிள்ளை பிறந்தபோது இரண்டு கிலோ தொளாயிரம். முந்தநாள் வீட்டுக்கு வந்து நிறுத்த மிட்வைப் மிஸ்ஸி இரண்டு எழுநூற்றி நாற்பது என்று கிளினிக் கொப்பியில் எழுதினாளாம். பதினாலு நாளில் பிறந்த நிறைக்காவது திரும்பியிருக்கவேணும். வெள்ளிக்கிழமை கிளினிக்கில் திரும்ப நிறுப்பார்கள். அப்போதும் ஏறாவிட்டால் டொக்டரிடம் அனுப்பவேணும். “நான் மாப்பால் பேணி வாங்கி வைச்சிட்டன்,” என்றாள் பூரணம். பால்மா டின்னைப் பற்றிச் சொல்லும்போது அவளுடைய குரலில் வெற்றி எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது.

கீர்த்திகா இருபத்தாறு வயதுப் பெண். அறைக்குள் கட்டில் ஓரத்தில் இருந்தாள். நெஞ்சுக்குக் கீழிருந்து இடுப்பு வரை உதயகலாவின் பட்டி. வழக்கம்போல மேலே ஒரு நாடாச் சோடி, கீழே மூன்று சோடி, எல்லாம் இறுகக் கட்டப்பட்டிருந்தன. பிள்ளை அழத் தொடங்கியது. பூரணம் உடனே குசினிக்குள் போய் இளஞ்சுடு தண்ணீரும் சவர்க்காரமும் துணியும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் பால் கொடுக்கமுன் சவர்க்காரம் போட்டுத் துடைப்பது அவளுடைய ஒழுங்கு. துடக்கு வீட்டில் பிள்ளையின் வாய்க்குப் போவது சுத்தமாக இருக்கவேணும். துணி பட்டதும் கீர்த்திகா கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு பிள்ளையைக் கொடுத்தார்கள். கீர்த்திகாவின் வலது காற்பெருவிரல் சீமெந்துத் தரையில் குத்தி நின்றது. அந்த விரல் வெளிறிப் போனதை உதயகலா கண்டாள். கீர்த்திகா சத்தம் போடவில்லை. உதட்டைக் கடித்தபடி முன்னுக்குக் குனிந்து, முலையைப் பிள்ளையின் வாய்க்குள் வைக்கப் பார்த்தாள். பிள்ளை நுனியை மட்டும் கவ்வியது, நழுவியது, திரும்பக் கவ்வியது. ‘சக் சக்’ என்று ஒரு சத்தம். பாலை விழுங்குகிற சத்தம் இல்லை அது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை விட்டுவிட்டு அழுதது. முலைக்காம்பு ஒரு பக்கம் சாய்ந்து, ஊசியில் கோர்க்க வாயில் வைத்து நசுக்கின நூல்முனைபோல் தட்டையாகியிருந்தது. அடியில் ஒரு வெடிப்பு. வெடிப்பில் இரத்தம்.

உதயகலாவின் கண் அதிலே நிற்கவில்லை. அவள் பார்த்தது இடைவெளியை. ஒரு சட்டையின் கை ஏன் தூக்கி நிற்கிறது என்று பார்க்கிற அதே பார்வை. கீர்த்திகா கட்டிலில் இருந்தபோது பட்டியின் மேல்விளிம்பு கன்வஸின் விறைப்பால் மடியாமல் ஒரு தட்டுப்போல வெளியே தள்ளி நின்றது. பிள்ளை அந்தத் தட்டின்மேல் மல்லாந்து கிடந்தது. வயிறு முகட்டைப் பார்த்தபடி, முகம் மட்டும் தாயின் பக்கம் திரும்பினபடி. தாயின் உடம்புக்கும் பிள்ளையின் உடம்புக்கும் நடுவில் மூன்று அங்குலம். எட்டாத இடத்துக்குப் பிள்ளை நுனியைத்தான் பிடிக்கும். அந்த மூன்று அங்குலத்தைக் கடக்கத்தான் கீர்த்திகா கூனினாள்.

“எப்ப இருந்து நோகுது பிள்ளை?”

“வீட்டை வந்த பிறகுதான் அன்ரி. ஆஸ்பத்திரி வாட்டிலை இருக்கேக்கை ஒண்டுமில்லை. அங்கை மிஸ்ஸி காட்டித் தந்தமாதிரி வடிவாக் குடிச்சவள்.”

“வீட்டை எப்ப வந்தனீங்கள்?”

“மூண்டாம் நாள்.”

“மூண்டாம் நாள் பின்னேரம் முழுக வாத்து, நான்தான் பட்டி கட்டிவிட்டனான்,” என்றாள் பூரணம்.

உதயகலா பட்டியின் விறைத்த மேல்விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். இரண்டு அங்குலம் கூட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம். கேட்டது அதுதான். நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் கரவெட்டியிலும் பெண்கள் அவளுடைய பட்டி என்று கேட்டு வாங்குகிறார்கள். மகளைப் பெற்றவர்கள் ஏழாம் மாதமே சொல்லிவைக்கிறார்கள். கன்வஸ் வைத்தது அவளுடைய சொந்த யோசனை. பழைய நாளில் மூன்று யார் நீளமான வேட்டியைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவார்கள், அது உருண்டு போகும், அவளுடையது உருளாது. அதுதான் அதற்குப் பேர்.

“பூரணக்கா,” என்றாள். “உது என்ரை பட்டியாலைதான்.”

பூரணத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது முகம் சிவந்தது. “இருவத்திரண்டு வருசமா ஊருக்கெல்லாம் தைச்சுக் குடுத்துப்போட்டு, இப்பத்தான் உமக்குத் தெரிஞ்சுதோ? அப்ப உதைக் கட்டினவை ஒருத்தரும் பாலுக் குடுக்கேல்லையே?”

“குடுத்தவை அக்கா. நொந்து நொந்து குடுத்திருப்பினம். ஏலாமல் விட்டவையும் இருப்பினம். ஆரும் எனக்கு வந்து சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.”

அவள் கீர்த்திகாவிடம் கேட்டு நாலு சோடி நாடாவையும் அவிழ்த்தாள். தோலில் பட்டியின் மேல்விளிம்பு பதிந்த சிவப்புக் கோடு இருந்தது. பிள்ளையை எப்படிப் பிடிக்கவேணும் என்று அவள் சொல்லவில்லை. அது தன் வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும். கீர்த்திகாவின் கைத்தொலைபேசியிலிருந்து மிட்வைப் மதுராவை அழைக்கச் சொன்னாள். மதுரா அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் நிற்கிறாளாம். அரை மணித்தியாலத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

மதுரா முப்பது வயதுகூட ஆகாதவள். அவள் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கீர்த்திகாவின் நெஞ்சைப் பார்க்கக் கேட்டிருக்கிறாள்; வெட்கத்தில் கீர்த்திகா ஒரு கரைச்சலும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இப்போது மதுரா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துச் சாய்ந்து இருக்கச் சொன்னாள். பிள்ளையை ஒருபக்கமாகத் திருப்பி, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்ட, காதும் தோளும் இடுப்பும் ஒரே நேராக வரும்படி கீர்த்திகாவின் கையிலேயே ஒழுங்கு செய்தாள். முலையைப் பிள்ளையிடம் கொண்டு போகாதே, பிள்ளையை முலையிடம் கொண்டுவா என்றாள். மூக்கு காம்புக்கு நேரே இருக்கவேணும். மேல் உதட்டில் காம்பு தட்டினால் பிள்ளை வாயைத் திறக்கும்; முதல் திறப்புக்கு அவசரப்படாமல், கொட்டாவி விடுவதுபோல் பெரிதாகத் திறக்கும்வரை பொறுக்கவேணும். அப்போது பிள்ளையின் நாடி, கீழ்த்தாடை, முதலில் நெஞ்சில் முட்ட அணைக்கவேணும். காம்பு மட்டும் போனால் போதாது. அதைச் சுற்றின கறுப்பும், முக்கியமாகக் கீழ்ப்பக்கத்துக் கறுப்பு, வாய்க்குள் போகவேணும்.

முதல் தரம் சரிவரவில்லை. கீர்த்திகா நோவில் பிள்ளையை இழுக்கப் போனாள். மதுரா அவளுடைய கையைப் பிடித்து நிற்பாட்டினாள். இழுத்தால் வெடிப்பு இன்னும் கிழியும். சின்னவிரலைப் பிள்ளையின் கடைவாய்க்குள் மெல்ல விட்டால் பிடி தானாக விடும். அப்படி விட்டு, திரும்பப் பிடித்தார்கள். மூன்றாவது தரம் பிள்ளையின் கன்னம் உப்பி நின்றது. நாடி தாயின் நெஞ்சில் புதைந்தது. கீர்த்திகா மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணினாள். பிறகு விட்டாள்.

“இப்ப?” என்றாள் மதுரா.

“நோகுது. ஆனா முந்தியமாதிரி இல்லை. இழுக்குது, கடிக்கேல்லை.”

பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டது. தரையில் குத்தி நின்ற கால்விரல் எப்போது இளகியது என்று உதயகலா கவனிக்கவில்லை. பார்த்தபோது பாதம் முழுவதும் தரையில் இருந்தது.

சவர்க்காரத்தைப் பற்றி மதுரா பூரணத்தோடு தனியாகத்தான் கதைத்தாள். தோலில் இருக்கிற இயற்கையான எண்ணெயைச் சவர்க்காரம் எடுத்துவிடும், அதுதான் காய்ந்து வெடிக்கிறது என்றாள். குளிக்கும்போது படுகிற தண்ணீர் போதும். பால் கொடுத்து முடிந்ததும் கடைசித் துளிப் பாலைக் காம்பில் தடவிக் காற்றாட விடவேணும். ஈரத் துணியை மாற்றவேணும். இரண்டு நாளைக்கு நோவு குறைந்த பக்கத்தில் தொடங்கலாம். நோவு கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நெஞ்சு சிவந்து கட்டினாலோ உடனே தனக்குச் சொல்லவேணும். பூரணம் தலையை ஆட்டிக் கேட்டாள். பட்டி வேண்டாம் என்று பேச்சு வந்தபோதுதான் மறுத்தாள்.

“மிஸ்ஸி, நான் பிள்ளை பெத்தது ஓடுற வழியிலை. வயிறு கட்டிவிட ஒரு சீவன் எனக்கு இல்லை. இண்டைக்கும் ஒரு குடம் தண்ணி தூக்கேலாது. இவளுக்கும் அப்பிடி வர நான் விடமாட்டன்.”

அதற்கு மறுமொழியை உதயகலாதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கள். பட்டியும் இருக்கும், பிள்ளைக்கும் இடைஞ்சல் வராது, அப்படி ஒன்று தைத்துத் தருகிறேன். இறுக்காமல் கட்டுவதென்றால் கட்டலாம் என்று மதுராவும் ஒத்துக்கொண்டாள்.

“வெள்ளி வரைக்கும்தான்,” என்றாள் பூரணம். “நிறை ஏறாட்டில் பேணியும் உடைப்பன், பழைய வேட்டி எடுத்து நானே கட்டியும் விடுவன்.”

வீட்டுக்கு வந்து தலை முழுகிவிட்டு உதயகலா மெஷினுக்கு முன்னால் இருந்தாள். கையோடு கொண்டுவந்த கீர்த்திகாவின் பட்டியைப் பிளேடால் பிரித்தாள். தொண்ணூற்றாறில், அவளுக்கு மகன் நிருஷன் பிறந்தபோது, அவர்கள் ஒரு தென்னங்காணிக் கொட்டிலில் இருந்தார்கள். மூன்று யார் வேட்டியால் அவளைக் கட்டினார்கள். நெஞ்சுவரை ஏற்றிக் கட்டினார்கள். பத்தாம் நாளில் காம்பு வெடித்தது, இரண்டு மாதத்தில் பால் வற்றியது. கடையில் பால்மா இல்லாத காலம். கஞ்சித் தண்ணீரிலும் ஆட்டுப்பாலிலும் அவன் தப்பினான். இப்போது வவுனியாவில் உத்தியோகம், இரண்டு பிள்ளைகள். தன்னுடைய உடம்பில் பால் இல்லை என்று அவள் இருபத்தெட்டு வருடம் சொல்லி வந்தாள். கேட்டவர்களும் ஓம் என்றார்கள். அந்த வேட்டிதான் காரணமா என்று அவளால் இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பசியும் இருந்தது, பயமும் இருந்தது. ஆனால் பிள்ளை எட்டாமல் எட்டிக் கவ்வியது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அவள் அளவுக் கொப்பியை எடுத்தாள். கடைசி மூன்று மாதத்தில் கீர்த்திகாவைத் தவிரப் பட்டி வாங்கியவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தாள். இருந்து பால் கொடுக்கும்போது மேல்நாடாவை அவிழ்த்துவிடுங்கள், விளிம்பைக் கீழே மடித்துவிடுங்கள், வந்து தாருங்கள் மாற்றித் தருகிறேன் என்றாள். தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று ஐந்து பேர் சொன்னார்கள். ஒருத்தி, “விக்கிறதுக்கு முதல் இதை யோசிச்சிருக்கலாமே அக்கா,” என்று சிரித்தாள். உதயகலா சொல்லி முடியும்வரை கரவெட்டிப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள். பிறகு, “நான் போன மாதமே மாப்பாலுக்கு மாத்திப்போட்டன்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். அதற்குப் பிறகு மிச்சம் இரண்டு பேரை அழைக்க உதயகலாவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அழைத்தாள்.

புதன்கிழமை முதல் பட்டியை வெட்டினாள். பழைய அளவில் மேலே மூன்று அங்குலம் குறைத்தாள், அவ்வளவுதான். தானே கட்டிக்கொண்டு நின்று பார்த்தபோது திறமாக இருந்தது. கதிரையில் இருந்தபோது வயிறு தள்ள, பட்டி உருண்டு பழைய இடத்துக்கே ஏறி வந்தது. நின்று அளவெடுத்து, இருந்து பால் கொடுப்பவளுக்குத் தைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருடமும் அதே பிழை. அதைப் பிரித்தாள்.

இரண்டாவதற்கு இருந்தபடியே அளவெடுத்தாள். கன்வஸை எடுத்து எறிந்தாள். பல தரம் தோய்த்து மெதுவான வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக வைத்தாள். கீழ்விளிம்பு இடுப்பு எலும்பில் தங்கும்படி இரண்டு பக்கமும் ஒடுக்கித் தைத்தாள். முன்பக்க மேல்விளிம்பைச் சட்டைக் கழுத்துப்போலக் குழித்து வெட்டினாள். முதுகுப்பக்கத்தை மட்டும் பூரணத்துக்காக உயரமாக விட்டாள். நாடா மூன்று சோடி. பிறகு ஒரு தலையணை உறைக்குள் இரண்டே முக்கால் கிலோ அரிசி நிறுத்துப் போட்டு, வாயைக் கட்டி, கட்டிலில் சாய்ந்து இருந்து, அதை ஒருபக்கமாகத் தன்னோடு அணைத்துப் பார்த்தாள். நடுவில் ஒன்றும் இடிக்கவில்லை. மற்றப் பக்கமும் மாற்றிப் பார்த்தாள். இடது குழிவு அரை அங்குலம் உயர்ந்திருந்தது. அதையும் பிரித்துத் தைக்க வியாழன் பின்னேரமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் அந்த வீட்டுக்குப் போனபோது, ஓட்டோ அப்போதுதான் வந்து நின்றது. பூரணம் முதலில் இறங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்து, அதற்குப் பிறகுதான் கிளினிக் கொப்பியை உதயகலாவிடம் நீட்டினாள். உதயகலா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு எண்ணூற்று அறுபது. ஐந்து நாளில் நூற்றி இருபது கிராம்.

பிறந்த நிறைக்கு இன்னும் வரவில்லை. அடுத்த வெள்ளி திரும்ப வரச்சொல்லியிருக்கிறார்கள். டொக்டர் பார்த்துவிட்டு, இப்படியே கொடு என்றாராம். ஒரு பக்க வெடிப்பு ஆறிவிட்டது, மற்றப் பக்கம் காய்ந்து வருகிறது என்று கீர்த்திகா சொன்னாள். இன்னும் முதல் இழுப்பில் நோகத்தான் செய்கிறது, ஆனால் பிள்ளை அழுதால் இப்போது தனக்கு நெஞ்சு இடிப்பதில்லை என்றாள். மாப்பால் பேணி அலுமாரிக்கு மேலே உடைக்காமல் இருந்தது.

பூரணம் பட்டியை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள். நாடாவை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். முன்பக்கக் குழிவில் விரலை வைத்து, முகத்தைச் சுளித்து, பிறகு முதுகுப்பக்க உயரத்தைச் சாண் போட்டு அளந்தாள்.

“முதுகு காணும்,” என்றாள்.

அதை உதயகலாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். “நீரே குடும். உம்மடை வேலை.”

உதயகலா பட்டியை மூன்றாக மடித்து, நாடாக்களை உள்ளே செருகி, கட்டிலடிக்குப் போய் நீட்டினாள். கீர்த்திகா பிள்ளையை இடக்கைக்கு மாற்றி அணைத்துக்கொண்டு, வலக்கையால் அதை வாங்கினாள்.